நாள்வாரிப் பட்டன்

ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. மின்விசிறி விற்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவு. யார் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்பதோடு சரி. யாராவது குரலை உயர்த்தினால், அது பக்கத்து மேஜைக்காரருக்கு விழுகிற திட்டாக இருந்தாலும், இவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் தலையில்தான் முதலாளி அந்த வேலையைக் கட்டினார். காகித ரிப்போர்ட் இனி வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு டேஷ்போர்டு வேண்டும், விற்பனையாளர் பெயரைத் தொட்டால் அவர் விற்றதெல்லாம் படமாக விரிய வேண்டும் என்றார்.

பயந்த சுபாவக்காரர்கள் வேலையில் கெட்டி. வீடியோக்களைப் பார்த்தே அந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். திரையின் மேலே மாதவாரி, நாள்வாரி என்று இரண்டு பட்டன் வைத்தாள். நாள்வாரியை அழுத்தினால், மாதத்துக்கு ஒன்றாக நின்ற பட்டைகள் பிரிந்து நாளுக்கொன்றாக வரிசை கட்டும். மாதிரிக்கு ஏதோ எண்களைப் போட்டு முதலில் அண்ணனிடம்தான் காட்டினாள்.

"இங்க வந்து பாரு, என் தங்கச்சி செஞ்சது" என்று அவன் அடுப்படியிலிருந்து அண்ணியை இழுத்துக்கொண்டு வந்தான். அப்பா போன பிறகு இவளைப் படிக்கவைத்தவன் அவன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவனே. அதே கம்பெனியின் விற்பனையாளர்களில் எப்போதும் முதல் இடம் அவனுக்குத்தான்.

முதலாளிக்கும் விற்பனையாளர்களுக்கும் அதைக் காட்டும் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் வினை வந்தது. கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கின் கணக்கு தனியாகக் குடோனில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை. குறை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அவளே அதையும் நாள்வாரிப் படத்தில் சேர்த்தாள். விற்றது கோட்டுக்கு மேலே நீலம், திரும்பியது கீழே சிவப்பு. அண்ணன் பெயரைத் தொட்டாள்.

மாதத்தின் கடைசி நாளில் நீலம் பனைமரமாக நின்றது. அடுத்த சில நாளில் அதே உயரத்துக்குச் சிவப்பு கீழே தொங்கியது. எல்லா மாதமும் இதே கதை. தெரிந்த கடைகளில் சரக்கை இறக்கிவைத்து, டார்கெட் முடிந்தது என்று காட்டிவிட்டு, பிறகு சத்தமில்லாமல் திருப்பி எடுத்திருக்கிறான். மற்றவர்களும் கொஞ்சம் செய்திருந்தார்கள். இந்த அளவுக்கு யாரும் துணியவில்லை.

முதலாளி எதையும் பொறுப்பார், பொய்யைப் பொறுக்கமாட்டார். சின்னப் பொய் ஒன்றுக்காக ஒரு டிரைவரை நின்ற நிலையில் அனுப்பியவர். அண்ணன் வேலை போனால் வீடு என்னாகும்? கணக்கை அழிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மறைக்கத்தான் வந்தது. நாள்வாரிப் பட்டனைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் கூட்டத்துக்காகச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணா..."

"என்னம்மா, நாளைக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

"நான் இருக்கேன்ல. எனக்குத் தெரியாதா நீ எப்படி வேலை செய்வேன்னு?"

பட்டன்தான் மறைந்துவிட்டதே, யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம் நன்றாகவே போனது. முதலாளி மாதவாரிப் பட்டைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முதல் இடத்தில் இருந்த அண்ணன் பெயரைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான் என்று அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் எழுந்தான்.

"சார், இதுல நாள்வாரியாவும் வரும். வீட்ல காட்டினா. தன் வேலையைத் தானே சொல்லிக்கமாட்டா சார், கூச்சம்."

"அது... இன்னும் சரியா வரலீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"அன்னைக்கு அழகா வந்துச்சே" என்றான் அண்ணன்.

"பரவாயில்ல, காட்டும்மா" என்றார் முதலாளி. அவர் குரல் லேசாகத்தான் உயர்ந்தது.

"சரிங்க" என்றாள். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை, அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. பட்டனை வெளியே கொண்டுவந்து அழுத்தினாள். அண்ணன் பெயர் அப்படியே தேர்வாகி நின்றது. பட்டைகள் பிரிந்தன.

மற்ற விற்பனையாளர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதலாளி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இந்தச் சிவப்பு என்னம்மா?"

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. தங்கச்சியைத்தான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லும்மா" என்றான். "நான் இருக்கேன்ல, பயப்படாம சொல்லு."