காற்றுக்காகப் பிடித்த வீடு

என் அம்மாவுக்குக் காசம். எங்கள் ஊர் ஏரலில் பார்த்த டாக்டர், "மருந்து பாதி, காத்து பாதி. கொஞ்ச மாசம் கடற்கரையில வச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சித்திரையில். நாங்கள் கிளம்பியது ஆனிக் கடைசியில். இடையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், கருப்பட்டி விற்றோம். அய்யா கருப்பட்டி மொத்த வியாபாரி. எங்கள் ஆட்களுக்கு வருஷத்தைப் பனைமரம்தான் நடத்தும். பதனீர் இறங்குகிற காலத்தில் பெண்டாட்டி இருமுகிறாள் என்று கடையை அடைக்க முடியுமா? வரத்து குறைந்த பிறகுதான் அய்யாவுக்குக் கை ஒழிந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

வீடு பார்க்க என்னையும் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, துணி துவைத்து, கூடவே இருக்கப் போகிறவள் நான்தானே. எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை என் அத்தை மகன். சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. ஆவணியில் முகூர்த்தம். அதற்குள் அம்மா எழுந்து நடமாடிவிட வேண்டும் என்பதுதான் வீட்டில் எல்லோருடைய பேச்சும். இன்னொரு அவசரமும் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடிபோக மாட்டார்கள். அதனால் ஆனி முடிவதற்குள் ஏதாவது ஒரு வீட்டில் பாலைக் காய்ச்சிவிட வேண்டும்.

யுத்த காலம். கடலோரத்தில் குண்டு விழும் என்று பயந்து பல குடும்பங்கள் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்களுக்குப் போய்விட்டதால் காலி வீடுகளுக்குப் பஞ்சமில்லை. எந்தத் தெரு என்பதுதான் கேள்வி. அய்யா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வீட்டுக்குள் போனதும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, கையை நீட்டித் தொங்கவிடுவார். துண்டு ஆடினால் வீடு நல்ல வீடு.

முதலில் பார்த்தது கடைத்தெருவுக்குப் பின்னால். சுற்றிலும் எங்கள் பக்கத்து வியாபாரிகள். "நம்ம ஆளுக இருக்க இடம் அண்ணாச்சி, ஒரு ஆத்திர அவசரம்னா நாங்க ஓடி வருவம்லா" என்றார் அய்யாவுக்குத் தெரிந்த கடைக்காரர். அதெல்லாம் சரி, பக்கத்து வீடு வத்தல் கிட்டங்கி, மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் அடுக்கியிருந்தது. வாசலிலேயே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. அய்யா துண்டை எடுக்கவே இல்லை.

அடுத்தது மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. பரங்கிக்காரன் காலத்தில் கட்டியது என்று சொன்னார்கள். சுவர் அவ்வளவு கனம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். கத்தோலிக்கர், புருஷன் இல்லை. பின்கட்டு எங்களுக்கு. "இதுதான் குசினி, பாத்துக்கிடு மோளே" என்று அடுப்படியைத் திறந்து காட்டினார். வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. எனக்கு அந்த அடுப்படி உடனே பிடித்துவிட்டது. ஆனால் அய்யாவின் துண்டு அசையவில்லை. சந்தில் கருவாட்டு வாடை வேறு. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷன், அன்றைக்கு மூக்கைச் சுளித்தார்.

"காத்தே இல்லியே."

"எல்லாஞ் சுவரு மறைக்கில்லா அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. அவர் அதைக் குறையாகச் சொன்னாரா நிறையாகச் சொன்னாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது வீடு கடற்கரைச் சாலையில். மாடி வீடு. மாடி வராந்தாவில் போய் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை கடல், தூரத்தில் கப்பல். அய்யா துண்டை நீட்டினார். அது கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. அய்யா சிரித்தார். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "இதுலா காத்து! ஒங்க அம்மைக்கு இங்கன ரெண்டு சுத்து சதை வச்சிரும், பாரு" என்றார். அங்கேயே பேசி முடித்துவிட்டோம்.

அம்மாவைக் கொண்டுவந்து, பால் காய்ச்சி, வராந்தாவில் கடலைப் பார்க்கக் கட்டிலைப் போட்டோம். மூன்றாம் நாள் ஆடி பிறந்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டே கிடந்தன. அம்மாவுக்கு இருமல் குறையவில்லை, கூடியது. கஞ்சியில் மண் நறநறத்தது. காலையில் தலையணை உறையைத் தட்டினால் கரித்தூள். புது இடம், உடம்புக்குப் பழக வேண்டாமா என்று அய்யா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாதான் ஒருநாள் படுத்த இடத்திலிருந்தே கையை நீட்டி, கொடியில் நான் காயப்போட்டிருந்த சேலையைக் காட்டினாள்.

"ஏளா, அந்தச் சீலையைப் பாரு. காத்து கடலுக்குல்லா போவுது."

பார்த்தேன். சேலை முழுக்கக் கடல் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து, கூட்ஸ் வண்டி நிற்கிற கரிமேட்டையும் மணல் தெருக்களையும் வாரிக்கொண்டு வந்து, அம்மா நெஞ்சில் கொட்டிவிட்டுக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடற்கரை என்றால் காற்று கடலிலிருந்துதான் வரும் என்று நினைத்தோமே, எங்களைப் போல மேட்டுக்காட்டு ஆட்களைத் தவிர வேறு யார் அப்படி நினைப்பார்கள்! அய்யா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு வார்த்தை கேட்டுவிடலாமா என்று கோபமாகவும் இருந்தது.

அன்றைக்கே சந்து வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் காற்றைப் பற்றிக் கேட்டார். "இது கச்சான் காத்துல்லா அண்ணாச்சி, கரையிலேருந்துதான் அடிக்கும். கடல்லேருந்து வார கொண்டல் பொறக்க ஐப்பசி ஆவும். அதுவரைக்கும் அந்தச் சீக்காளிப் பிள்ள கடலோரத்துல கெடந்து சீரழியவா? இங்கன கொண்டாங்க, நம்ம சுவரு தடுத்துக்கிடும்" என்றாராம். அய்யா தொங்கிய முகத்தோடு வந்து அம்மாவிடம் சொன்னார்.

அம்மா முடியாது என்றாள்.

"ஆடியில நான் வீடு மாற மாட்டேன்."

ஆடியில் குடிபோனால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அம்மாவுக்கு அது வெறும் பேச்சு இல்லை. அவள் கூடப்பிறந்த அக்கா, என் பெரியம்மா, ஓர் ஆடியில் வீடு மாறி, அந்த வருஷம் முடிவதற்குள் தாலியை இழந்தவள். ஆவணியில் கழுத்தை நீட்டப் போகிற பெண்ணை வைத்துக்கொண்டு அம்மா எப்படிச் சம்மதிப்பாள்? "நான் இருமுனா இருமிக்கிட்டுப் போறேன். எம் பிள்ள கழுத்துக்கு ஒண்ணு வரப்பிடாது" என்றாள். அய்யா கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா" என்று காலைப் பிடித்து அழுதேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மத்தியானம் இருமலோடு ரத்தம் வந்தது. அய்யா கிண்ணத்தைப் பார்த்தார். இறங்கிப் போய்க் குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்தார். அம்மாவை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அம்மா அவர் முதுகில் குத்தினாள். குத்துவதற்கு அவள் கையில் என்ன பலம் இருந்தது! வண்டி போகும்போது வழியெல்லாம், "எம் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்துட்டியளே, கெடுத்துட்டியளே" என்றுதான் அழுதாள். தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அய்யா வேட்டி முனையால் அவள் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

சந்து வீட்டில் பால் காய்ச்சவில்லை, விளக்கு வைக்கவில்லை. திருட்டுத்தனம் போல உள்ளே நுழைந்தோம். அன்றைக்கு ராத்திரி அம்மா விடியும்வரை தூங்கினாள். நாளாக ஆகச் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். வீட்டுக்காரம்மா மீன் குழம்பு கொடுத்தனுப்பினால், "உப்புக் கொறைச்சல்" என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறினாள். ஆனால் அய்யாவோடு மட்டும் பேசவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றாலும் என்னிடம்தான், "ஒங்க அய்யாட்ட சொல்லு" என்பாள்.

என் கல்யாணம் ஏரலில் நடந்தது. அம்மாவால் வர முடியவில்லை. தாலி கட்டிய மறுநாள் நாங்கள் இருவரும் சந்து வீட்டுக்குப் போய் விழுந்து கும்பிட்டோம். அம்மா என்னைக் கிட்டே இழுத்துத் தாலியைக் கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். பிறகு அய்யாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசியது அப்போதுதான்.

"இதுக்கு ஏதாவது வந்திச்சின்னா, நீங்கதான் எனக்குப் பதில் சொல்லணும்."

புரட்டாசியில் அம்மா போய்விட்டாள். கொண்டல் காற்று வரும்வரை இருக்கவில்லை.

அடுத்த ஆடிக்கு அய்யா என்னை அழைத்துப்போக வந்தார். தலை ஆடிக்குப் பெண்ணை அழைக்க எல்லா அப்பன்மாரும் வருவார்கள்தான். ஆனால் அதற்கு அடுத்த ஆடியும் வந்தார். அதற்கு அடுத்ததும். யாவாரமாக வந்தேன் என்பார். வாசலில் நின்று முதலில் என் கழுத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. "மாமாவுக்கு ஆடி பொறந்தா மருமவன் மேல பாசம் பொங்கிருது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஓர் ஆடியில் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது அய்யா கட்டிலை விட்டு நகரவில்லை. என்னைவிட அய்யாதான் பயந்துபோய் இருந்தார். காய்ச்சல் விட்ட அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. கத்திவிட்டேன்.

"ஏன்யா இப்படிச் சாவுதிய? நீங்க செஞ்சது ஒண்ணுந் தப்பில்ல. எனக்கு ஒண்ணும் ஆவாது."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குந் தெரியும்" என்றார் அய்யா. "அவளுக்குத் தெரியாதுல்லா."

பிறகு ஓர் ஆடிக்கு அவர் வரவில்லை. எழுந்து உட்கார முடியாது என்று ஆள் வந்து சொன்னது. நாங்கள் இருவரும் ஏரலுக்கு ஓடினோம். அய்யா என் கழுத்தைப் பார்த்தார். கையைக் காட்டி என் வீட்டுக்காரரைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவர் குனிந்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பவரைப் போல வெகு நேரம் விடாமல் வைத்திருந்தார்.

"சரி. போயி அவட்ட சொல்லிருதேன்" என்றார்.