ஒரு வருசமும் ஒரு நாளும்

கையகல மஞ்சள் அட்டை. தலைப்பில் தட்டச்சு செய்த ஓர் ஆங்கிலச் சொல். வாய்விட்டு வாசித்தால் வில்லன் என்றுதான் வரும். சினிமாவில் கடைசிச் சண்டையில் அடி வாங்குகிறவனுக்குச் சட்ட அகராதியில் என்ன வேலை என்று நான் சிரித்தேன். கூட வேலை செய்த அண்ணை சிரிக்கவில்லை. எழுத்து வேறு என்று காட்டினார். பழைய இங்கிலாந்தில் பிரபுவின் நிலத்தோடு பிறப்பாலேயே கட்டுண்ட குடியானவனுக்கு அதுதான் பெயர். பிரபுவைக் கேளாமல் அவன் ஊரை விட்டுப் போக முடியாது, மகளைக் கட்டிக்கொடுக்க முடியாது. உழைத்தவனின் பெயர் எப்படிக் கெட்டவனின் பெயராயிற்று என்று கேட்டேன். "எழுதினது ஆர் தம்பி? உழைச்சவனோ?" என்றார்.

அது எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில், எசனுக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலச் சட்டச் சொற்களுக்கு அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை கொழும்பில் சட்டம் படித்தவர். சொற்களுக்குப் பொருள் எழுதுவது அவர் வேலை. அட்டைகளை அகர வரிசையில் அடுக்குவது மாணவனான என் வேலை. 'ஹெரியட்' என்று ஒரு சொல் வந்தது. குடியானவன் செத்தால் அவன் தொழுவத்திலுள்ள நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது அதன் பொருள். பிணத்தை எடுக்கும் முன்பே கயிற்றோடு வந்து நிற்பார்கள் போலும்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்த கிராமம். மிச்சத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய ஆட்கள் என் மாமா வீட்டுக்குக் 'குடிமை'. உடுப்பு வெளுப்பதோடு, எங்கள் கொண்டாட்டத்துக்கும் செத்தவீட்டுக்கும் வெள்ளைத் துணி கொண்டுவந்து கூரைக்குக் கீழே கட்ட வேண்டும். வெள்ளை கட்டுதல் என்று அதற்குப் பெயர். தமிழ்நாட்டில் குடிமகன் என்றால் வோட்டுப் போடுகிறவன். எங்கள் ஊரில் கூப்பிட்ட குரலுக்கு வர வேண்டியவன். அவருடைய தகப்பனையே நான் பெயர் சொல்லி, நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஜெர்மனியில் அவரை அண்ணை என்றேன். ஆனால் மாமாவோடு பேசும்போது அவர் 'அவன்' ஆகிவிடுவார். அப்படி ஒரு வழுக்கல் நாக்கு எனக்கு.

மாமா டுசல்டோர்ஃபில் டாக்டர். அண்ணையின் விசாவுக்குப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். விசாவை நீட்டிக்க அந்தக் கையெழுத்து மறுபடியும் வேண்டும். அந்த நேரம் பார்த்து மாமாவின் மகள் வயதுக்கு வந்து, சாமத்தியச் சடங்கு வைத்தார்கள். மாமா தொலைபேசியில் சொன்னார்: "எங்கட குடிமைப் பெடியன் உன்னோடதானே நிக்கிறான். வெள்ளை கட்ட வரச் சொல்லு. வராட்டி கையெழுத்து இல்லையெண்டும் சொல்லு."

மறுநாள் அதைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அண்ணை அந்த மஞ்சள் அட்டையை இழுப்பறையிலிருந்து எடுத்து, அடியில் இருந்த வரிகளை வாசிக்கச் சொன்னார். தப்பி ஓடியவன் உரிமை பெற்ற நகரம் ஒன்றில், பிரபுவிடம் பிடிபடாமல் ஒரு வருசமும் ஒரு நாளும் இருந்துவிட்டால் அவன் சுதந்திர மனிதன். ஜெர்மன் நகரங்களிலும் இதே வழக்கம் இருந்தது என்று அவருடைய கையெழுத்தில் ஒரு குறிப்பு.

"நான் இஞ்ச வந்து எவ்வளவு காலம், தம்பி?"

பதினாலு மாதம் என்றேன்.

"அப்ப பிந்திப் போச்செண்டு மாமாட்டச் சொல்லுங்கோ."

எனக்கு அதைச் சொல்லத் துணிவு வரவில்லை. அவன் யோசிக்கிறானாம் என்று மாமாவிடம் மழுப்பினேன். அண்ணை அன்றைக்கே, அகராதி வேலையை நடத்திய பேராசிரியரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, பொறுப்புக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். பேராசிரியர் போட்டுக் கொடுத்தார். ஆனால் விசா அலுவலகம் அதை ஏற்குமா என்று எவருக்கும் தெரியாது.

சடங்கு ஒரு தேவாலய மண்டபத்தில். வெள்ளை கட்ட ஆளில்லாமல், மாமா வீட்டுப் படுக்கை விரிப்புகளை ஏணியில் ஏறிக் கட்டிக்கொண்டிருந்தவன் நான்தான். அப்போது அண்ணை உள்ளே வந்தார். கறுப்புக் கோட்டு, பளபளவென்று கட்டிய ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டி, கையில் பிள்ளைக்குப் பரிசு. நேரே மாமாவிடம் போனார்.

"வெள்ளை கட்டச் சொன்னியளாம். கட்டிக்கொண்டு வந்திருக்கிறன்."

மாமா அவரை இருக்கச் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. அவரும் திரும்பிப் போகவில்லை. நான் ஏணியிலிருந்து இறங்கினேன். முன்வரிசையில் மாமாவுக்கென்று வைத்திருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லாருக்கும் கேட்க "அண்ணை, இருங்கோ" என்றேன். அவர் இருந்தார், சாப்பிட்டார், பிள்ளையை வாழ்த்திவிட்டுத்தான் போனார்.

மாமா முன்பு போட்ட கையெழுத்தையும் திருப்பி எடுத்தார். பேராசிரியருடைய கையெழுத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மாமா சாகும்வரை என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை. இப்போது எசனில் பெரிய மண்டபங்களில் கல்யாணம் நடக்கிறது. விலையுயர்ந்த கார்களில் வந்து இறங்குகிறவர்கள் என் காதுக்குள் குனிந்து, அண்ணையின் பேரப்பிள்ளைகளைக் காட்டி, "அவை எந்த ஆக்கள்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.