சிக்குமா ஆற்றுச் சரிவில் தம்பியைத் தேடிப் போனது

இதைச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மட்டக்களப்புப் பக்கம் கரடியனாற்றில் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் வயல் உண்டு. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் அவரால் இனி வரம்பில் நடக்க முடியாது. தம்பி சுதன் யப்பானில், வைனுக்கான திராட்சைத் தோட்டமொன்றில் ஐந்து வருடமாக வேலை செய்கிறான். போனில் வயற்பேச்சை எடுத்தாலே சத்தம் விளங்கவில்லை என்று வைத்துவிடுவான்.

"வயலைப் பாக்க வருவானா எண்டு நேரில போய்க் கேட்டுட்டு வா மகள். விதைப்புக்கு முன்னம் முடிவு வேணும்" என்றார் அப்பா. செப்டெம்பர் கடைசியில் புறப்பட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ரயிலில் எட்டு மணித்தியாலத்துக்கும் மேல். பிறகு ஒன்பது மணித்தியால விமானம். தோக்கியோவிலிருந்து உஎதா நகரம் சுமார் 190 கிலோமீற்றர். அதிவேக ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், கட்டணம் ஏறக்குறைய ஏழாயிரம் யென். அங்கிருந்து சின்ன ரயிலில் இருபது நிமிடம் போனால் தனாகா நிலையம். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் மலைகளைப் பார்க்கவில்லை, தூங்கிவிட்டேன்.

நிலையத்தில் சுதன் நின்றான். "என்னக்கா, கால் இப்பிடி வீங்கிக் கிடக்கு?" என்றான். ஐந்து வருடத்துக்குப் பிறகு நேரில் எங்கள் முதற்பேச்சு அதுதான்.

தோட்டத்துக்கு டாக்சிதான் வழி. வயதான சாரதி பேசிக்கொண்டே வந்தார், சுதன் தமிழாக்கினான். அவர் சிறுவயதில் இந்தச் சரிவெங்கும் மல்பெரிச் செடிகளாம். வீட்டு மேல்மாடிகளில் பட்டுப்புழு வளர்த்தார்களாம். பட்டின் விலை விழுந்ததும் மல்பெரியைப் பிடுங்கினார்கள், பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், நிலம் காடாகிவிட்டது. திராட்சை வந்தது அதற்குப் பிறகுதான்.

சிக்குமா ஆறு தெற்கு மலைகளில் பிறந்து வடக்கே ஓடி, பெயர் மாறி, கடலில் விழுகிறது. இரு கரையிலும் நிலம் படிப்படியாக ஏறுகிறது. தோட்டம் இருக்கும் வலக்கரைச் சரிவு தெற்கு நோக்கியது என்பதால் நாள் முழுக்க வெயில். சுற்றிலும் மலை மறிப்பதால் மழை குறைவு. பகலில் சூடு, இரவில் குளிர். திராட்சைக்கு அதுதான் வேண்டுமாம். எனக்குப் பல் கிட்டியது.

தோட்டத்தை நடத்துபவர் எழுபது கடந்த ஒரு பெண். குனிந்து வணங்கி, கையில் ஒரு திராட்சைக் குலையைத் தந்து, ஏதோ கேட்டார். சுதன் அதைத் தமிழாக்கவில்லை.

"என்னடா சொல்றா?"

"என்னைக் கூட்டிப் போகவா வந்தீங்க எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்டும் சொல்லல்ல." தோட்டத்தைக் காட்டிச் சொன்னான்: "இவட மகன்மார் ரெண்டு பேரும் தோக்கியோவில. வர மாட்டாங்க. அதாலதான் எனக்கு இஞ்ச வேலை."

"அப்ப எங்கட வயல் வட்டைய ஆர் பாக்கிற?"

"ஏனக்கா, நீங்க பாக்கேலாதா? இந்த மனிசி இந்த வயசில சரிவு ஏறி இறங்குறா."

எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். மட்டக்களப்பு நகரத்தில் மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறேன், எனக்கும் வயலுக்கும் என்ன? அறுவடைக் காலம் என்பதால் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. மூன்று நாள் அவர்களோடு குலை வெட்டினேன். இடுப்பு விட்டுப்போனது. அந்த அம்மா எனக்கு முன்னால் ஒரு வரிசை முடித்துவிட்டு, திரும்பி வந்து என் வரிசையிலும் கைகொடுத்தார். சுதன் கேட்டது திரும்ப ஞாபகம் வந்தது, இந்தமுறை கோபம் வரவில்லை.

கடைசி நாள் சுதனே அப்பாவுக்குப் போன் எடுத்தான். "அப்பா, நான் வரமாட்டன். என்னை எதிர்பாக்காதீங்க." அவன் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் போனை வாங்கினேன்.

"அப்பா, நான் செய்யிறன்."

"வெள்ளாமை விளையாட்டில்ல மகள்."

"தெரியும்."

"மருந்துக்கடை?"

"வேலை நேரத்த மாத்திக் கேக்கிறன்."

நெடுநேரம் இருமினார். "அப்ப கெதியா வா. மழைக்கு முன்னம் உழவேணும்."

போக நினைப்பவர்களுக்கு: அழைப்பவர் அங்கிருந்து அனுப்பும் ஆவணங்கள் இல்லாமல் விசாவுக்குப் போகாதீர்கள். செப்டெம்பர், ஒக்டோபர்தான் அறுவடை. தடித்த உடுப்பு வேண்டும். மேட்டுத் தோட்டங்களுக்குப் பஸ் மிகக் குறைவு, டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வைன் குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு தருகிறார்கள், நல்ல ருசி. திரும்பி வந்தவுடன் வேலைக்குப் போகலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

விதைத்தாகிவிட்டது. மேற்குப் பக்கம் முளைத்திருக்கிறது, கிழக்கே தண்ணீர் தேங்கி நெல் அழுகுகிறது. அப்பா வீதியோரம் கதிரையில் உட்கார்ந்து, வாய்க்காலை வெட்டிவிடச் சொல்லிச் சத்தம் போடுகிறார். மண்வெட்டியை எடுக்க வேண்டும்.