ஐந்தாவது அடையாளம்

சித்தூருக்கும் பாகாலாவுக்கும் நடுவே, மாந்தோப்புகள் முடிகிற இடத்தில், விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு சிறிய தனியார் பள்ளி இருந்தது. அதில் நான் பதினோரு மாதம் வேலை பார்த்தேன். பள்ளி என்றால் ஒரு ஓடுபாதை, இரண்டு குட்டி விமானங்கள், அவற்றை நிறுத்த ஒரு தகரக் கொட்டகை, மொட்டை மாடியோடு ஒரு அலுவலகக் கட்டிடம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் அலிபிரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவினேன். குடுபல்லி பக்கம் கல் குவாரியில் இருந்தேன். லாரியில் கிளீனராகக் கொஞ்ச காலம் போனேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. படிப்பு ஏழாவது வரை, அதுவும் பாதி தமிழ், பாதி தெலுங்கு.

இங்கே என் வேலை புல் வெட்டுவது, ஓடுபாதையில் ஏறும் ஆடுகளையும் நாய்களையும் துரத்துவது, நிற்கிற விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. சேர்ந்த ஒரு மாதத்தில் இன்னொரு வேலையும் வந்தது. காலையில் மாடிக்குப் போய் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது.

அதற்கு கேப்டன் ஒரு வழி வைத்திருந்தார். அவர்தான் அங்கே ஆசிரியர். வயது அறுபதுக்கு மேல். முழங்காலில் அறுவைசிகிச்சை செய்திருந்ததால் மாடிப்படி ஏற மாட்டார். அவர் பைக்கில் என்னை உட்காரவைத்து ஒவ்வொரு இடமாகப் போய் மீட்டரில் தூரம் பார்த்து வந்தார். ஓடுபாதையின் கடைசியில் காற்றடிக்கும் பக்கம் காட்டும் துணிப்பை, ஒன்று. ஏரிக்கரைப் புளியமரம், இரண்டு. தண்ணீர்த் தொட்டி, மூன்று. உச்சியில் சின்னக் கோயில் இருக்கும் பாறைக்குன்று, நான்கு. பக்கத்து ஊர் செல்போன் டவர், ஐந்து. அதற்கும் பின்னால் நீலமாக இருக்கும் மலை, ஆறு. டவர் சரியாக ஐந்து கிலோமீட்டர். கற்றுக்கொள்கிறவர்கள் தனியாகப் பறக்க அந்த ஐந்து வேண்டும். நான்கு என்றால் அன்று யாருக்கும் பறப்பு கிடையாது.

நான்கு என்று சொன்ன நாட்களில் பையன்கள் என்னைத்தான் முறைப்பார்கள். வாட்ச்மேன் வேறு கிண்டல் செய்வான். "இன்னாய்யா ஆகாசத்து தாசில்தாரு, இன்னிக்கி யாருக்கும் சான்று குடுக்கலியா?" என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. என் வாய்ச்சொல்லுக்காக வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு இடத்தில்தான்.

மாணவர்களில் ஒரே ஒரு பெண். நகரிப் பக்கத்துக்காரி. வீட்டில் விசைத்தறி. தமிழ் பேச ஆள் கிடைத்ததென்று என்னோடு பேசுவாள், அண்ணா என்பாள். மற்ற பிள்ளைகள் வண்டியை விட்டு இறங்கியதும் போனை எடுப்பார்கள். அவள் நேராக விமானத்திடம் போய், றெக்கையைத் தட்டிப் பார்த்து, எரிபொருள் தொட்டிக்குள் குச்சி விட்டு அளந்து பார்ப்பாள்.

போகி அன்று அவளுக்கு மட்டும் பறப்பு இருந்தது. மதனப்பள்ளிக்கும் அப்பால் போய்த் திரும்பி வர வேண்டிய ஒன்றரை மணி நேரப் பயணம். தனியாக. மற்றவர்கள் சங்கராந்தி லீவுக்கு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார்கள். இவள்தான் கேப்டனைக் கெஞ்சி அந்தக் காலையை வாங்கியிருந்தாள்.

"அண்ணா, எத்தன?"

"ஆறும் தெரியுது. கெளம்பு."

"மத்தியானம் நைனா வண்டி எடுத்துக்கினு வராரு. அதுக்குள்ள முடிச்சிட்டேன்னா பண்டிகைக்கி நிம்மதியா போவேன்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஆறும் தெரிந்தது உண்மை. சூரியன் அப்போதுதான் வந்திருந்தது. விமானம் மேலே போய், மேற்கே திரும்பி, புள்ளியாகி மறைந்தது.

அதற்குப் பிறகுதான் மாறியது. சுற்றியிருந்த ஊர்களில் விடியலுக்கு முன்பே பாயையும் பழைய துணியையும் டயரையும் கொளுத்தியிருந்தார்கள். குளிரில் அந்தப் புகை மேலே போகாமல் வயல்மேலேயே படுத்துக் கிடந்தது. வெயில் பட்டதும் ஏரியிலிருந்து பனி கிளம்பி அதோடு சேர்ந்துகொண்டது. வெயில் வந்தால் பனி விலகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் அது கூடவும் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு மேல் கீழே வயர்லெஸ்ஸில் அவள் குரல் கேட்டது. இன்னும் இருபது நிமிடத்தில் வருவதாகச் சொன்னாள். கேப்டன் உட்காரும் அறையின் ஜன்னல் கொட்டகைச் சுவரைப் பார்த்திருக்கும். அவர் படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏம்பா, எத்தனை?"

பார்த்தேன். துணிப்பை தெரிந்தது. புளியமரம் பாதி தெரிந்தது. தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. குன்று இருக்க வேண்டிய இடத்திலும் வெள்ளை. அதற்கு மேலே, தூரத்தில், டவர் உச்சியின் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. என் மனதில் ஓடியது இதுதான்: ஐந்தாவது தெரிகிறது. அப்படியானால் மூன்றும் நான்கும் நடுவில் கொஞ்சம் புகையால் மறைந்திருக்கின்றன, அவள் வருவதற்குள் சரியாகிவிடும்.

"அஞ்சு சார். டவர் தெரியுது."

"நல்லா சூடு, நல்லா பாரு. கரெக்ட்டா?"

"டவர் தெரியுது சார்."

விளக்கு தெரிகிறது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் உச்சி மட்டும்தான் தெரிகிறது என்று அவர் ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார். டவரும் டவரின் விளக்கும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. கேப்டன் அவளை வரச் சொன்னார். நான் இரண்டு என்று சொல்லியிருந்தால் அங்கிருந்தே ரேணிகுண்டா விமான நிலையத்துக்குத் திருப்பியிருப்பார். அப்போது அவளிடம் எரிபொருள் தாராளமாக இருந்தது.

சத்தம் முதலில் வந்தது. தலைக்கு நேர் மேலே ஒரு சுற்று. "ஓடுபாதை நல்லா தெரியுது சார்" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. அது பொய்யில்லை. மெல்லிய பனியை மேலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் தரை தெரியும். இறங்கும்போது சாய்வாகப் பார்க்க வேண்டும். அப்போது அதே பனி சுவர் மாதிரி நிற்கும். இதெல்லாம் பிறகு கேப்டன் சொல்லித் தெரிந்தது.

ஏரிப்பக்கமாகச் சத்தம் தாழ்ந்தது. இறங்குகிறாள் என்று நினைத்தேன். திடீரென்று எஞ்சின் முழு வேகத்தில் அலறியது. மாடிக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொடலாம் போல, இரண்டு சக்கரங்கள் வெள்ளையிலிருந்து வெளியே வந்து வெள்ளைக்குள் போயின. ஓடுபாதை மேலே வர வேண்டியவள் கட்டிடத்தின் மேலே வந்திருந்தாள்.

அந்த முழங்காலோடு கேப்டன் படியேறி ஓடி வந்தார்.

"டவர் எக்கடய்யா, எங்கே?"

நான் விளக்கைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குள் அவள் இரண்டாவது முறை முயன்றாள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் இறங்குவதும், பயந்து ஏறுவதும் கேட்டது. கீழே கேப்டன் "மேலே ஏறு, மேலே ஏறு, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குரலை உயர்த்தவில்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொன்னார். ரேணிகுண்டாவுக்குத் திருப்பிவிட்டார். அங்கே வானம் சுத்தமாக இருப்பதாகப் போனில் சொன்னார்களாம்.

பிறகு அவளிடம் மிச்சமிருக்கும் எரிபொருளைக் காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். நான் வாசலில் நின்றேன்.

"போய்ச் சேரலாம்" என்றார். "அங்கே போய் இன்னொரு சுத்து சுத்த முடியாது."

மலைக்குப் பின்னால் போனதும் வயர்லெஸ்ஸில் அவள் குரல் நின்றுவிட்டது. வாட்ச்மேன் வந்து, "இன்னா ஆச்சு, பாப்பா எறங்கலியா?" என்றான். குவாரியில் என் பக்கத்தில் நின்றவன் கால்மேல் கல் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். லாரி கவிழ்ந்து ஒரு ராத்திரி முழுக்க வயிற்றில் அடியோடு ரோட்டோரம் கிடந்திருக்கிறேன். ரேணிகுண்டாவிலிருந்து போன் வரும் வரை காத்திருந்த அந்த இருபத்தைந்து நிமிடம் வேறு. இது என் வாயால் வந்தது. எங்கேயாவது மாந்தோப்பில் அவள் விழுந்து கிடந்தால், அவளை அங்கே அனுப்பியது ஏழாவது படித்த ஒருவன் சொன்ன ஐந்து.

போன் அடித்தது. கேப்டன் "சரே, சரே" என்றார். போனை வைத்துவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் பயந்து உள்ளே போனேன். தலையைத் தூக்காமலே, "இறங்கிட்டா" என்றார்.

அவளை ஜீப்பில் கூட்டிவர ஆள் போனது. அது வருவதற்குள் கேப்டன் பதிவுப் புத்தகத்தில் திடீர்ப் பனி என்று எழுதினார். நான்தான் தப்பாகச் சொன்னேன், அதையும் எழுதுங்கள் என்றேன்.

"உன்னை எழுதினா, அவனை எதுக்கு மாடியில நிக்க வெச்சேன்னு என்னைக் கேப்பாங்க" என்றார். "தப்பு என்னோடதுதான்பா. நீ போ."

பெருந்தன்மை கொஞ்சம், பயம் கொஞ்சம். எது எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் அவள் வந்து இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணா, பசிக்குது. எதனா கீதா துன்றதுக்கு?" என்றாள். எனக்கென்று வைத்திருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கொடுத்தேன். நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். அவளிடம் சொல்லிவிட்டேன். விளக்கைப் பார்த்து ஐந்து என்றேன், தொட்டி தெரியவில்லை, குன்று தெரியவில்லை, மரமே பாதிதான் தெரிந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"தெரியலன்னு சொல்லி இருக்கலாமே அண்ணா."

"ஆமா."

"எறங்கும்போது ஒண்ணுமே தெரியல. புகை நாத்தம் மட்டும் உள்ள வந்துச்சு. டயர் நாத்தம். கட்டடம் எதுக்க வந்தப்பதான்…" மிச்சச் சோற்றை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். கை கழுவ நெடுநேரம் குழாயடியில் நின்றாள்.

அவளுடைய நைனா இரண்டு மணிக்கு டி.வி.எஸ்ஸில் வந்தார். மெலிந்த ஆள், புதுச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. பனியால் ரேணிகுண்டாவில் இறங்கினாள் என்று மட்டும் கேப்டன் அவரிடம் சொன்னார். அவருக்கு அதில் பெருமைதான். மகள் பெரிய விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறாள். வெளியே வந்து என்னைத் தேடினார்.

"நீங்கதான மேல நின்னு பாத்து சொல்றவரு? பொண்ணு சொல்லிக்கினே இருக்கும், அண்ணா சொன்னாத்தான் ஏறுவேன்னு. எங்களுக்கு இன்னா தெரியும்? தறி ஓட்டிக்கினு கீறோம். நீங்க பாத்துக்கினு கீறீங்கன்னுதான் அவ ஆத்தா தூங்குது." பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "போளி. வூட்ல செஞ்சது."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல முடிந்தது. அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். "அய்யா, காலைல நான்…"

"நைனா, போலாம். நேரமாவுது" என்றாள்.

சொன்னால் அவர் அவளை இனி அனுப்ப மாட்டார். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் நிறுத்திக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு வண்டியை உதைத்தார். போளியை நானும் வாட்ச்மேனும் சாப்பிட்டோம். அவன் நன்றாக இருக்கிறது என்றான்.

லீவு முடிந்து அவள் வந்தாள், பறந்தாள். அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அம்மா எப்படி இருக்கிறார், தறி ஓடுகிறதா என்று நான் கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் வானத்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. விமானத்தைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் தானே படியேறி மாடிக்கு வருவாள், என்னைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்று நெடுநேரம் பார்ப்பாள். அவள் இறங்கிப் போகும் வரை நான் ஒதுங்கி நிற்பேன். மாசியில் ஒரு நாள் கணக்கை முடித்துக்கொண்டு பாகாலாவில் ரயில் ஏறினேன்.