கோழிக் கொட்டகைக் கோடீஸ்வரன்

அடுத்தவர் வீட்டு அடுப்புத் தீயைக் குறைப்பதுதான் உள்ளே நுழைந்ததும் டென்சில் ஸ்டால்நேக்கர் செய்கிற முதல் வேலை. தொப்பியைக் கழற்றுவதும் நலம் விசாரிப்பதும் அதற்கு அப்புறம்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் சமையலறையில் நான் பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் நின்றபடியே நீல ஜுவாலையை உற்றுப் பார்க்கிறான். பிறகு ஓசைப்படாமல் வந்து குமிழைத் திருகுகிறான்.

"இந்தத் தீயில ஒரு மிஷின் ஓடும், மிஸ் நோலா."

"இந்தத் தீயில ஊருக்கே பீன்ஸ் வேகுது. கைய எடு."

எடுப்பான். நான் சோள ரொட்டியைப் பார்க்கத் திரும்பினால் மறுபடியும் குறைப்பான். தீவனக் கடை ஹார்லெஸின் மாமனார் காலமானபோது இறுதிச் சடங்கு மண்டபத்தில் எல்லோரும் சவப்பெட்டியைச் சுற்றி நின்றோம். டென்சில் மட்டும் அங்கிருந்த வாயுக் கணப்புக்கு எதிரே, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண் கலங்க நின்றான். துக்கம் தாங்காமல் நிற்கிறான் என்று பாதிரியார் போய்த் தோளில் கை வைத்தார். "இது நாள் பூரா எரியுமா?" என்று கேட்டானாம். என் வீட்டில் மின்சார அடுப்பு. அதனால் அங்கே வந்தால் அவனுக்கு வேலை இல்லை. உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போய்விடுவான்.

ஒல்லியான நெட்டை உருவம். கம்பளி உள்துணி வைத்த பழுப்புக் கித்தான் கோட்டு ஒன்று. ட்ரீமா, அதாவது அவன் மனைவி, கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. எப்பேர்ப்பட்ட பனியிலும் அதற்குப் பட்டன் போட மாட்டான். ஒரு கை போனுக்கும் ஒரு கை காபிக்கும் ஆகிவிட்டால் பட்டனுக்கு எங்கே போவது? "பட்டனப் போடு டென்சில்" என்று ட்ரீமா சொல்லாமல் அவர்கள் வீட்டில் எந்தக் காலையும் விடிந்ததில்லை. அவனும் "ம்" என்று சொல்லிவிட்டுத் திறந்த மார்போடு கொட்டகைக்குப் போவான்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால், மலைச்சரிவில், ஒரு பழைய எரிவாயுக் கிணறு இருக்கிறது. டென்சிலின் கொள்ளுத்தாத்தா நாளில் கம்பெனிக்காரர்கள் தோண்டியது. எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு அவர்கள் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த மூச்சு வீட்டுக்காரர்களுக்கு என்று ஆயிற்று. எங்கள் மேற்கு வர்ஜீனியா ஓடைக்கரைகளில் இப்படிப் பல வீடுகள் உண்டு. அந்த மிச்ச மூச்சில்தான் அவன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் குளிர் காய்ந்தது, ரொட்டி சுட்டது, குழந்தைகளைக் குளிப்பாட்டியது. அதெல்லாம் வீண் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு டென்சில் பிறக்க வேண்டியிருந்தது.

"சும்மா கெடைக்குது மிஸ் நோலா. சும்மா! அதப் போயி அடுப்புல எரிக்கிறாங்க."

எனவே கோழிகளை விரட்டிவிட்டு, கோழிக் கொட்டகையில் பிட்காயின் மிஷின்களை அடுக்கினான். ஒரு பழைய லாரி எஞ்சின் கிணற்று வாயுவைக் குடித்து மின்சாரம் தருகிறது. மின்சாரத்தை மிஷின்கள் குடிக்கின்றன. மிஷின்கள் என்ன தருகின்றன என்று கேட்டுவிடாதீர்கள், சோறு ஆறிவிடும். எனக்குப் புரிந்தவரை, உலகம் முழுவதும் இதே மாதிரி மிஷின்கள் ஏதோ ஒரு எண்ணை ஊகிக்க இராப்பகலாகப் போட்டி போடுகின்றன. ஊகித்தவனுக்குக் காசு. டென்சிலைப் போன்ற சில்லறைப் பேர்வழிகள் கூட்டுச் சேர்ந்து ஊகித்து, கிடைத்ததைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொள்கிறார்கள். அந்தக் காசைக் கையால் தொட முடியாது. போனில் பார்க்கலாம். டென்சில் பார்க்கிறான். அதுதான் அவன் தொழில்.

ட்ரீமாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அந்த வீட்டில் மனிதர் வயிற்றுக்குள் போவதெல்லாம் அவள் சம்பளம். அந்த எஞ்சினின் வயிற்றுக்குள் போகும் ஆயிலும் அவள் சம்பளம்தான்.

இதற்கு முன்னால் ஈமு கோழி வளர்த்தான். அந்தப் பறவை ஒன்று வேலி தாண்டி ஓடி, பள்ளிக்கூடப் பேருந்தை மறித்துக்கொண்டு நின்றதை ஊர் இன்னும் மறக்கவில்லை. பிறகு ஜின்செங் என்ற மருந்து வேரைப் பயிரிட்டான். மான்கள் தின்று கொழுத்தன. ஒவ்வொரு முறையும் ஊரெல்லாம் சிரித்தது, ட்ரீமா கூட்டிப் பெருக்கினாள். சும்மா சொல்லக் கூடாது, எஞ்சின் விஷயத்தில் கெட்டிக்காரன். என் தண்ணீர் பம்பை ஒரு முறை காசு வாங்காமல் பழுது பார்த்துக் கொடுத்தான். பிழைக்கத் தெரிந்த வேலை கையிலேயே இருக்கிறது. அதைச் செய்யச் சொன்னால் மட்டும், "அதுல எதிர்காலம் இல்ல" என்பான்.

கொட்டகையில் மிஷின்களைக் குளிர்விக்கும் விசிறிகள் போடும் இரைச்சல் ஓடையைத் தாண்டி என் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெயில், மழை, பண்டிகை என்று அதற்கு வித்தியாசம் கிடையாது. தவளைச் சத்தம் கேட்டுப் பல காலம் ஆகிறது. ஒரு நாள் பாலத்தின் மேல் நின்று சண்டைக்கே போய்விட்டேன்.

"டென்சில், அந்தச் சத்தத்த நிறுத்துறியா, இல்ல நான் வந்து நிறுத்தட்டுமா?"

"அது சத்தமில்ல மிஸ் நோலா. சம்பாத்தியம்."

"யாரோட சம்பாத்தியம்? ட்ரீமா இன்னும் ஓட்டை ஷூவோடதான் வேலைக்குப் போறா."

"இப்ப வித்தா நஷ்டம். ஏறட்டும், பாருங்க."

ஏறினாலும் விற்க மாட்டான் என்பது ஓடையில் இருக்கும் மீனுக்குக்கூடத் தெரியும். விலை இறங்கினால், "இறங்குறப்ப எவனாச்சும் விப்பானா?" ஏறினால், "ஏறுறப்ப எவனாச்சும் விப்பானா?" ஹார்லெஸின் தீவனக் கடையில், அடுப்பைச் சுற்றி உட்காரும் ஆண்களுக்கு இவன் வந்துவிட்டால் பொழுது போய்விடும். அங்கே விறகு அடுப்பு. ஆகவே அவன் கையும் சும்மா இருக்கும், வாய்தான் ஓடும்.

"என்னய்யா கோடீஸ்வரா, உன் காசக் கொஞ்சம் கண்ணுல காட்டேன்," என்பார் ஹார்லெஸ்.

போனை நீட்டுவான். ஹார்லெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து, குலுக்கி, காதில் வைத்துப் பார்ப்பார்.

"கிலுகிலுன்னு சத்தமே வரலியே."

"சிரிங்க, சிரிங்க. பின்னாடி எங்கிட்ட வந்து நிப்பீங்க."

"நின்னா என்ன குடுப்ப? போனயா?"

கடையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதுதான் எனக்குப் பொறுக்காது. ஒரு மனிதனுக்கு ரோஷம் என்று ஒன்று வேண்டாமா?

சிரிப்பாக இருந்தவரை சரி. போன குளிர்காலத்தில், குளிர் உச்சத்துக்குப் போனபோது, கிணற்றில் வந்ததை எல்லாம் எஞ்சினே உறிஞ்சிக்கொண்டது. ட்ரீமா வேலை முடிந்து வந்து பார்க்கிறாள்: வீட்டுக் கணப்பு அணைந்து கிடக்கிறது, தண்ணீர்க் குழாய் வெடித்து, சமையலறைத் தரை முழுக்கப் பனிக்கட்டி. கொட்டகையில் விசிறிகள் பாடிக்கொண்டிருக்கின்றன. கணவன் அங்கே கதகதப்பாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் அடை சுடும் கரண்டியால் பனிக்கட்டியைச் சுரண்டி வாளியில் அள்ளினாள். நானும் கூட நின்று அள்ளினேன். அந்த வீட்டில் கோபப்பட்டவள் நான் மட்டும்தான்.

அவளுக்குக் கோபம் வர ஒரு வருஷம் பிடித்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் காது கேட்க, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"இன்னொரு தடவ அந்தக் கொட்டகைக்காக என் வீடு குளிர்ந்து போச்சுன்னா, நான் கிளார்க்ஸ்பர்க்ல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன், டென்சில்."

"அப்படி எப்பவாச்சும் விடுவேனா?" என்றான் அவன். சொல்லிக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தான். அதை ஒரு தியாகம் என்று நினைத்திருப்பான்.

ஜனவரியில் அந்தக் குளிர் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். காலையில் எழுந்து காபி போடும்போது ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். இரைச்சல் இல்லை. அப்பாடா என்று நான் உட்காருவதற்குள் ட்ரீமாவின் போன்.

"நோலா, கேஸ் லைன் உறைஞ்சு போச்சு. அடுப்பும் இல்ல, ஹீட்டரும் இல்ல. கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வரியா?"

கிணற்று வாயுவோடு ஈரமும் வரும். குளிரில் அது உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றினால் இளகிவிடும். ஒரு கெட்டிலும் ஒரு பெரிய பானையுமாகக் கொதிக்கவைத்து, துண்டு சுற்றிக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். ட்ரீமா படியில் நின்றாள். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், உதடு வெளிறியிருந்தது. காலடியில் ஒரு பை. நான் நிறுத்தியதும் பின்கதவைத் திறந்து அதைச் சீட்டில் வைத்தாள்.

"முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல. சும்மா வெக்கிறேன்."

வீட்டின் பக்கவாட்டில், கொட்டகையிலிருந்து பார்த்தால் என் காருக்கு அப்பால், கிணற்றுக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வீட்டுக்கு, ஒன்று கொட்டகைக்கு. இரண்டும் தரையிலிருந்து இடுப்பளவு எழும்பி நிற்கும். இரண்டின் தலையிலும் ஒரு ரெகுலேட்டர். இரண்டும் வெள்ளை வெளேரென்று உறைந்து போயிருந்தன. டென்சில் அங்கேதான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். கோட்டு வழக்கம்போல் திறந்து கிடந்தது. என் கையிலிருந்து கெட்டிலை வாங்கினான். நன்றி சொன்னான், பொய் சொல்லக் கூடாது. நேரே கொட்டகைக் குழாயிடம் போய் ஊற்றினான்.

"டென்சில்," என்றாள் ட்ரீமா.

"ஒரு நிமிஷம் ட்ரீமா. இது நின்னு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? நின்ன நேரம் போனதுதான், திரும்பி வராது."

"வீட்டுக் குழாய்க்கு ஊத்து."

"வீடு எங்க ஓடிப் போகுது? அது மெதுவா இளகிடும்."

ரெகுலேட்டர் முழுசாக இளகவில்லை. பானையை என்னிடமிருந்து வாங்க வந்தான். நான் கொடுக்கவில்லை. இழுத்தான், வெந்நீர் பக்கத்தில் நின்ற ட்ரீமா மேல் கொட்டிவிடுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. பானையையும் கொட்டகைக் குழாயின் தலையிலேயே கவிழ்த்தான். குழாய்க்குள் வாயு சீறியது. அவன் கொட்டகைக்கு ஓடிப் போய் எஞ்சினைக் கிளப்பினான். விசிறிகள் ஒவ்வொன்றாக ஊளையிடத் தொடங்கின. பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தான்.

"வந்துருச்சு! ட்ரீமா, நீ கொட்டகையில போயி உக்காரு. உள்ள கதகதன்னு இருக்கும்."

"கோழி இருந்த எடத்துலயா?"

"இப்ப சுத்தமாத்தான் இருக்கு."

அவள் என் காரை நோக்கி நடந்தாள். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது. கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள்.

அப்போது டென்சில் கோட்டைக் கழற்றினான். அந்தக் குளிரில், வெறும் சட்டையோடு, கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமாக வந்தான். ட்ரீமா பார்த்தாள். உள்ளே வைத்த காலை மெல்ல வெளியே எடுத்தாள். முதுகைத் திருப்பி, கைகளை லேசாகப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவன் அவளைத் தாண்டிப் போனான். இளகிய ரெகுலேட்டர் மறுபடியும் உறைந்துவிடாதபடி அதன் மேல் கோட்டைப் போர்த்தினான். குனிந்து, நடுங்கும் விரல்களால், கீழேயிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் காலரையும் தூக்கிவிட்டான்.