லாரிக்குப் புது கார்டு

செய்தி வந்தபோது புதன்கிழமை காலை ஆறரை மணி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அக்காவோடு வேலை பார்க்கும் பெண் பேசினாள். குழாய்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். டாக்டர் பார்த்துவிட்டார், நீங்க வந்துடுங்க சார் என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கூடத்தில் அவளை டிரைவரம்மா என்பார்கள். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. கணினியில் லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. வெளியூரில் கிடங்கு வேலைக்குப் போன அவள் மகனும் அவளும் ஞாயிறு மாலைகளில் ஆளுக்கொரு லாரியில் முன்னும் பின்னுமாகப் போவார்கள். போனில் அவனுடைய பேச்சு “சாப்டியா”, “ம்” என்பதோடு முடிந்துவிடும். கண் சாலையில் இருந்தால்தான் வாய் திறப்பான்.

போன மாதம் ஆட்டத்தின் புதிய பதிப்பு வந்தது. அக்காவின் பழைய கணினி அதைத் தாங்கவில்லை. ஒரு ஞாயிறு, “அம்மா, ஒண்ணு சொல்லணும்” என்று அவன் தொடங்கியபோது திரை உறைந்துபோனது. மறுபடி இணைந்ததும், “ஒண்ணுமில்லம்மா” என்றான். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“போன்ல கேளேன்” என்றேன்.

“கேட்டா வராதுடா. அப்படியே அவங்கப்பா. தானா கொட்டினாத்தான் உண்டு. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இதை ஓட வெச்சாகணும்.”

படத்தை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினாள். அதற்கு இருக்கிற மின்சாரம் போதாது என்று, கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் பெரிதாக ஒன்று வாங்கினாள். சனிக்கிழமை மதியம் கணினியைத் தரையில் படுக்கவைத்து உட்கார்ந்தோம். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள்.

“நரம்பு தேடுற கை இது. நீ டார்ச் பிடி, போதும்.”

பக்கத் தகட்டைத் தானே கழற்றினாள்.

பழைய பெட்டியின் ஒயர்களை எப்போதோ அவள் அழகாக வளைத்துக் கட்டிவைத்திருந்தாள். பெட்டி மாறினாலும் அந்தக் கட்டைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. “முனை ஒண்ணாத்தானே இருக்கு” என்று, ஹார்ட் டிஸ்கின் பழைய ஒயரையே புதிய பெட்டியில் சொருகினாள். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு கருகல் வாடை.

“நான் ஒண்ணும் பண்ணல” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

கணினியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்குப் போனோம். கடைக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“பழைய ஒயரப் புதுப் பெட்டியில மாட்டினீங்களாம்மா?”

“பொருந்துச்சே.”

“பொருந்தும். உள்ள கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போயிருக்கும்.”

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “குரூப் பாக்காம ரத்தம் ஏத்திட்டேன்டா” என்றாள் என்னிடம், மெதுவாக. பிறகு அவரிடம், “வேற என்ன போச்சு?”

“ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

அவர் மாட்டிப் பார்த்த நேரமெல்லாம் அவள் உட்காரவே இல்லை. போனது ஹார்ட் டிஸ்க் மட்டும்தான். புதிது போட்டுக் கொடுத்தார்.

ஞாயிறு முழுக்கப் புது டிஸ்கில் ஆட்டம் மறுபடி இணையத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் அறை வாசலில் காத்திருப்பவள்போலத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒருமுறை என் போனைப் பிடுங்கி அணைத்தாள். “உன் கிரிக்கெட்ட நாளைக்குப் பாரு. நெட்டெல்லாம் நீயே குடிக்கிற.” மகன் வரும் நேரம் தாண்டியது. “போயிருப்பான்” என்று நாலைந்து தரம் சொன்னாள்.

அவள் ஆட்டத்துக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது. சாலையோரம் விளக்கை மினுக்கிக்கொண்டு அவன் லாரி நின்றிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னான். வேலை போய் இரண்டு மாதமாகிறது, நண்பன் அறையில் இருக்கிறான்.

“சரி” என்றாள் அக்கா. “வளைவு வருது, மெதுவாப் போ.” வளைவு தாண்டிய பிறகு, “கெளம்பி வந்துடுப்பா.”

வியாழக்கிழமை வருவதாக இருந்தான். புதன்கிழமை நான் கூப்பிட்டு உடனே வரச் சொன்னேன்.

புது கார்டு சூடாகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு மூடலாம் என்றிருந்தாள். அக்காவின் காரியமெல்லாம் முடிந்தும், கணினியின் பக்கத் தகடு இன்னும் மாட்டப்படாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது.