சந்தனம் பூசிய பென் டிரைவ்

ஆயுத பூஜைக்கு இங்கே சென்னை அலுவலகத்தில் லேப்டாப்புகளுக்குப் பொட்டு வைத்தார்கள். சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெண், "உடம்புக்கு முடியலையா சார்?" என்றாள். பயம் என்று எப்படிச் சொல்வது? சந்தனத்துக்குப் பயப்படுகிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

திண்டிவனத்தில் ஓர் உரக்கடை மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் மூன்று பேர். முதலாளி கதிரேசன் அண்ணன், படம் வரையும் முகையூர் ஸ்டெல்லா, விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து புரோகிராம் எழுதும் நான். அந்த உர வாடையிலேயே ஒரு மொபைல் கேம் செய்தோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றி புகும். தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்காக அண்ணன் மாடியின் தகரக் கதவையே தட்டிப் பதிவு செய்தார். கீழேயிருந்து உரக்கடைக்காரர் திட்டியதும் அதில் லேசாகக் கேட்கும். பஸ்ஸில் யாராவது அதை விளையாடினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

கேமைப் புதுப்பித்து ஸ்டோரில் ஏற்ற, சாவி என்று ஒரு சின்ன ஃபைல் வேண்டும். அது இல்லாவிட்டால் நம் கேமுக்கு நாமே அந்நியர். அந்தச் சாவி ஒரு பென் டிரைவில் இருந்தது.

"டேய், நம்ம உசுரே இதுலதான் இருக்குது. இன்னொரு காப்பி எடுத்து வெச்சிட்டியா?"

"எடுத்துட்டேண்ணே."

எடுக்கவில்லை. நாளைக்கு எடுக்கலாம் என்றிருந்தேன். சோம்பேறிக்கு எல்லா நாளும் நாளைதானே.

ஆயுத பூஜை வந்தது. பெரிய பக்திமான் நான்! மானிட்டர், மவுஸ், ஃபேன் சுவிட்ச் என்று சந்தனம் பூசிக்கொண்டே போய், மூடி தொலைந்த அந்தப் பென் டிரைவுக்கும் பூசினேன்.

"அதும் வாயெல்லாம் சந்தனம் போவுது பாருடா, பேஜாரா பூடும்" என்றாள் ஸ்டெல்லா.

பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பென் டிரைவையும் ஈரத்தோடு செருகினேன். சுட்டது. அதற்கப்புறம் எந்தக் கம்ப்யூட்டரிலும் அது திறக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மெயில் வரும் சத்தம் கேட்டாலே, ஸ்டோரிலிருந்தா என்று ஓடிப்போய்ப் பார்ப்பேன். அண்ணன் சாதாரணமாகக் கூப்பிட்டாலும் கை சட்டைப் பையை மூடிக்கொள்ளும். பொங்கல் முடிந்ததும் அந்த மெயில் வந்தேவிட்டது. குறித்த தேதிக்குள் புதுப்பிக்காவிட்டால் கேமை ஸ்டோரிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

"இன்னாடா பாத்துக்கினு இருக்க? ஜல்தியா ஏத்து" என்றார் அண்ணன். பென் டிரைவை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன்.

"காப்பி?"

"எடுக்கலண்ணே. பொய் சொன்னேன்."

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "இத்தன நாளா தனியாவா பயந்துக்கினு இருந்த?" என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

கேம் போயிற்று. வேறு பெயரில் ஏற்றினோம்; பழைய ஆட்கள் வரவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குள் மாடியைக் காலி செய்துவிட்டோம். ஸ்டெல்லா இப்போது பொம்மையார்பாளையத்து விடுதிகளுக்குச் சுவரில் படம் வரைகிறாள். அண்ணனின் பழைய போனில் மட்டும் எங்கள் கேம் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் பேசியபோது, "பேட்டரி உப்பிப்போச்சுடா, சார்ஜ் போடவே பயமா இருக்குது" என்றார்.

இன்று பொட்டு வைத்து முடித்ததும் அவரைக் கூப்பிட்டேன். அந்தப் போனைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்.

"ஆன் ஆவலடா."